மும்பைக்கு முன்னால் மூன்று பந்தயங்கள்: எதில் முழு வேகம்?

கேள்வி: "திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 39. ஐந்து வருடமாக ஓடுகிறேன். போன ஜனவரியில் என் முதல் முழு மாரத்தானை 4 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். அதற்கு முந்தைய மாதம் ஓடிய அரை மாரத்தான் 2 மணி 8 நிமிடம். வரும் ஜனவரி மூன்றாவது ஞாயிறு மும்பையில் 4:15-க்குள் முடிக்க ஆசை. அதற்கு முன் மூன்று பந்தயங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். நவம்பர் நடுவில் ஊர்ப்பக்கம் ஒரு 10 கிலோமீட்டர், மும்பைக்கு நான்கு வாரம் இருக்கும்போது கோவையில் அரை மாரத்தான், ஜனவரி முதல் ஞாயிறு சென்னை மாரத்தானில் 20 மைல். எங்கள் குழுவில் ஓர் அண்ணன், 'பந்தயம்னா முழுசா ஓடணும், இல்லேன்னா உன் நிலைமை உனக்கே தெரியாது' என்கிறார். சீனியரான ஒரு அக்கா, 'மூணையும் மெதுவா ஓடு, தெம்பைச் சேர்த்து வை' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

அன்புள்ள திருப்பூர் வாசகிக்கு,

வணக்கம். அண்ணன் சொல்வது உங்கள் நவம்பர் பந்தயத்துக்குப் பொருந்தும். அக்கா சொல்வது சென்னைக்குப் பொருந்தும். இன்னும் சொல்லப்போனால், சென்னை 20 மைலை நீங்கள் மெதுவாக ஓடுவதைக்கூட நான் விரும்பவில்லை. கோவையை எப்படி ஓடுவது என்பதில்தான் உங்கள் மும்பை இருக்கிறது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். நம் ஊரில் சுற்றிவரும் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை வேகமான ஓட்டக்காரர்களின் பழக்கத்திலிருந்து வந்தவை. "மாரத்தானுக்கு நாலைந்து வாரம் இருக்கும்போது ஒரு அரை மாரத்தானை முழு வேகத்தில் ஓடு" என்று அவற்றில் இருக்கும். உலகத்தரத்து வீரருக்கு அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர், ஒரு மணி நேர வேலை. உங்களுக்கு அது இரண்டு மணி நேரம். மறைந்த கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2023-ல் சிகாகோவில் முழு மாரத்தானையே 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் முடித்தார். நீங்கள் கோவையில் அடிவயிற்றிலிருந்து மூச்சிழுத்து ஓடப்போகும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். பெரும்பாலான வீரர்கள் பெரிய மாரத்தானுக்கு நான்கு வாரம் இருக்கையில் இரண்டு மணி நேரம் முழு மூச்சாக ஓடிப் பார்ப்பதில்லை. அவர்களுடைய அந்த ஒரு மணி நேரப் பந்தயத்துக்கு உங்கள் அளவில் இணையானது எது? உங்கள் 10 கிலோமீட்டர்தான். 55 நிமிடமோ 57 நிமிடமோ ஆகும். உடம்பு தூரத்தை அளப்பதில்லை, எத்தனை நேரம் எவ்வளவு கடினமாக உழைத்தோம் என்றுதான் பார்க்கிறது.

அதனால்தான் நவம்பர் 10 கிலோமீட்டரை முழுசாக ஓடுங்கள் என்கிறேன். மும்பைக்கு இன்னும் எட்டு ஒன்பது வாரம் இருக்கும். அந்தப் பந்தயம் உங்களிடமிருந்து எடுப்பது நான்கைந்து நாள் மட்டுமே. முதல் இரண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் அடக்கி, மூன்றிலிருந்து ஏழு வரை இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத மூச்சில் ஓடி, கடைசி மூன்றில் இருப்பதையெல்லாம் போட்டுவிடுங்கள். அங்கே வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். 4:15 மாரத்தானுக்கு இணையான 10 கிலோமீட்டர் நேரம், காகிதக் கணக்குப்படி, 55 நிமிடம் 30 விநாடியை ஒட்டி வரும். நீங்கள் 58-ல் முடித்தால் 4:15 இந்த வருடத்துக்கான இலக்கு இல்லை. அது நவம்பரிலேயே தெரிந்துவிடுவது நல்லது. மும்பையில் 32-வது கிலோமீட்டரில் தெரிய வேண்டாம்.

காகிதக் கணக்கு என்றேன். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் வெளியிட்ட சூத்திரம் அது. இன்றைக்கு நீங்கள் செல்போனில் தட்டிப் பார்க்கும் பெரும்பாலான 'ரேஸ் கால்குலேட்டர்'களுக்குள் அதுவோ அதன் வழிவந்த ஒன்றோதான் இருக்கிறது. அதன்படி அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்கினால் முழு மாரத்தான் நேரம். உங்கள் 2:08-ஐப் போட்டால் 4:27 வருகிறது. ஆனால் நீங்கள் ஓடியது 4:41. சூத்திரத்தின் மேல் பிழை சொல்ல மாட்டேன். வாரத்துக்கு 40, 50 கிலோமீட்டர் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அரையிலிருந்து முழுவுக்குப் போகும்போது வேகம் அது சொல்வதைவிட அதிகமாகவே குறையும். உங்கள் சொந்த விகிதம் சுமார் 2.2. அதே விகிதம் நீடித்தால் 4:15-க்கு அரை மாரத்தானில் 1:56 வேண்டும். சூத்திரம் சொல்கிறபடியே எல்லாம் நடந்தால் 2:02 போதும். நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறீர்கள். எங்கே என்பதை முடிவு செய்வது கோவையில் வரும் நேரம் அல்ல, நீளமான ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்கள். அந்த ஆறு ஏழு நிமிட இடைவெளியைக் குறைப்பது அவை மட்டும்தான். அவற்றைப் பலிகொடுத்து ஒரு நல்ல அரை மாரத்தான் நேரத்தை வாங்காதீர்கள்.

இங்கேதான் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். மும்பைக்கு மூன்று வாரம் இருக்கும் ஞாயிறுதான் கடைசி பெரிய லாங் ரன்னுக்கான (அந்த நீளமான ஓட்டத்துக்கான) நாள். அது கோவைக்கு அடுத்த ஞாயிறு. ஏழே நாள் இடைவெளி. கோவையில் முழுசாக ஓடினால் அந்த ஏழு நாளில் கால் திரும்பி வராது.

எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு இரண்டு பழைய கணக்குகள் உண்டு. பந்தயத்தின் ஒவ்வொரு 3 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் லேசான ஓட்டம் என்பது அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் சொன்னது. அப்படிப் பார்த்தால் அரை மாரத்தானுக்கு ஒரு வாரம். நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் பெயரில் வழங்கும் கணக்கு, ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்கிறது. அதன்படி 13 நாள். ஃபாஸ்டர் 1974 காமன்வெல்த் விளையாட்டில் 41 வயதில் 2:11 ஓடி வெள்ளி வாங்கியவர். நடு வயதில் ஓடுகிறவருக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதைத் தன் உடம்பிலேயே பார்த்தவர். உங்கள் வயதுக்கும், இரண்டு மணி நேர உழைப்புக்கும் நான் ஃபாஸ்டர் பக்கம்தான் நிற்பேன்.

என் கதையையும் சொல்கிறேன். பல வருடம் முன்பு மாரத்தானுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு அரை மாரத்தானில் முழு வேகம் விட்டேன். என் வாழ்நாளின் சிறந்த நேரம் வந்தது. மறுநாள் காலை வீட்டு மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் காலை வைத்தேன். அது இரண்டு நாளில் போய்விட்டது. 'சரியாகிவிட்டது' என்று நினைத்தேன். தசை வலி போவதும் தசை திரும்பி வருவதும் வேறு வேறு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆறாம் நாள் ஓடியபோது மூச்சு லேசாக இருந்தது, தொடை மட்டும் ஈரத் துணி சுற்றியது போலக் கனத்தது. அந்த வார லாங் ரன்னை 28 என்று எழுதி வைத்திருந்தேன், 19-ல் நின்றுவிட்டது. அதைச் சரிக்கட்ட நடுவாரத்தில் இன்னொரு நீண்ட ஓட்டம் போட்டேன். டேப்பர் என்கிற ஓய்வு வாரங்களுக்குள் களைப்போடுதான் நுழைந்தேன். மாரத்தானில் 29-க்கு மேல் பெரும்பாலும் நடைதான். அந்த அரை மாரத்தான் நேரம் இன்றும் என் பழைய டைரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாரத்தான்தான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் கோவையில் அக்கா சொல்வது போல மெதுவாக ஓடிவிடலாமா? அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிப் (பந்தய எண் அட்டை) மாட்டி, ஆயிரக்கணக்கானவர்களோடு, குளிர்ந்த காற்றில் ஓடக் கிடைக்கும் ஒரு காலையை வீட்டருகே ஓடும் ஞாயிறு போல ஆக்கிவிட்டால் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது கைக்கு வராது. களைத்த பிறகும் வேகத்தைப் பிடித்து வைக்க முடிகிறதா என்பதுதான் அது.

என் திட்டம் இது. உங்கள் மாரத்தான் இலக்கு வேகம் கிலோமீட்டருக்கு 6:03. கோவையில் முதல் மூன்று கிலோமீட்டர் அதைவிட மெதுவாக, 6:10-ல் போங்கள். சுற்றிலும் எல்லோரும் பாய்ந்துகொண்டு போவார்கள், போகட்டும். மூன்றிலிருந்து 15 வரை 5:50 முதல் 5:55. இதில் ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும், கதை பேச வரக் கூடாது. 15-வது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் திறந்துவிடுங்கள். கடைசி ஆறு கிலோமீட்டர் உண்மையான பந்தயம். 5:35 வருகிறதா, 5:30 வருகிறதா என்று பாருங்கள். இப்படி ஓடினால் 2:03-ஐ ஒட்டி முடிப்பீர்கள். முழு மூச்சில் ஓடினால் 2:00 வந்திருக்கும் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். வந்திருக்கலாம். ஆனால் கடினமாக ஓடியது இரண்டு மணி நேரம் அல்ல, வெறும் 35 நிமிடம். நான்கைந்து நாளில் கால் திரும்பிவிடும். அடுத்த ஞாயிறு நீங்கள் லாங் ரன்னுக்குத் தயாராக நிற்பீர்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு, அதை நான் நேரத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன். பின்பாதியில் ஆட்களைத் தாண்டிப் போகும் அனுபவத்தை உங்கள் கால் ஒருமுறை பார்த்துவிடும். போன ஜனவரியில் 4:41 ஓடியபோது கடைசி 10 கிலோமீட்டரில் எத்தனை பேர் உங்களைத் தாண்டினார்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கும். முதல் 15-ல் கையைக் கட்டிக்கொண்டு ஓடுவது ஒரு பழக்கம். அதைப் பழகிக்கொள்ள ஒரு பந்தயக் கூட்டம் வேண்டும். தனியாக ஓடும்போது அடக்கிக்கொள்வது எல்லோருக்கும் சுலபம்.

15-க்குப் பிறகு வேகம் கூடவே மறுத்தால்? 5:50-யே கஷ்டமாக இருந்தால்? பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளாதீர்கள். அதே வேகத்தில் முடித்துவிட்டு, மும்பை இலக்கை 4:25-க்கு மாற்றுங்கள். 16 நிமிட முன்னேற்றம் சின்ன விஷயம் இல்லை.

கோவை நேரத்தை அப்படியே மும்பைக்குத் தூக்கிப் போகவும் கூடாது. டிசம்பர் விடியற்காலையில் கோவை தரும் குளிர் மும்பைக் கடற்கரையில் இருக்காது. மும்பை முழு மாரத்தான் காலை ஐந்து மணி வாக்கில் கிளம்புகிறது. ஜனவரி நடுவில் அங்கே சூரியன் உதிப்பது சுமார் 7.15-க்கு. அப்படியென்றால் உங்கள் கடைசி இரண்டு மணி நேரம் முழுக்க வெயிலில். மும்பையில் ஓடியவர்கள் எல்லோரும் வழியில் வரும் பெடர் ரோடு ஏற்றத்தைப் பற்றிப் பேசுவார்கள். அதைவிட எனக்குக் கவலை அங்குள்ள ஈரக் காற்றுதான். காற்றில் ஈரம் இருந்தால் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது, அதே உழைப்புக்கு வேகம் குறையும். கோவையில் கடைசி ஆறும் நன்றாக வந்தால் மும்பையில் முதல் பாதியை 2:08, 2:09-க்குள் போங்கள் என்பேன். 2:05-க்குப் போகாதீர்கள்.

கோவையை ஒத்திகையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் போடப்போகும் ஷூ, அதே சாக்ஸ், அதே உள்ளாடை. முந்தின இரவுச் சாப்பாடு, விடிகாலை இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமும் பிரெட்டுமோ, எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை அங்கே பார்த்துவிட வேண்டும். மும்பையில் அந்த நேரத்தில் ஹோட்டல் அறையில் இட்லி கிடைக்காமல் போகலாம், அதனால் கையில் கொண்டுபோகக்கூடியதைப் பழகுவது புத்திசாலித்தனம். ஜெல் (ஓட்டத்தின் நடுவே தெம்புக்குச் சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) எடுக்கும் வழக்கம் இருந்தால் 40-வது நிமிடத்தில் முதலாவது, பிறகு 35, 40 நிமிடத்துக்கு ஒன்று. வேகமாக ஓடும்போது வயிறு அதை ஏற்றுக்கொள்கிறதா என்பது மெதுவான ஞாயிறுகளில் தெரியாது. கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கியிருந்தால் அதையும் முதலில் ஒரு நடுவாரப் பயிற்சியில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கோவைக்குப் போடுங்கள். கெண்டைக்கால் அதற்குப் பழக நாள் எடுக்கும்.

இனி சென்னை. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். அந்த 20 மைலை விட்டுவிடுங்கள். 32 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உங்கள் நிதானமான வேகத்தில் மூன்றரை மணி நேரம். மும்பைக்கு 14 நாள். இந்தத் தேதியில் ஓடும் ஓட்டம் எதுவும் மும்பையில் உங்களை வலுவாக்கப்போவதில்லை, அதற்கு உடம்புக்கு அவகாசம் இல்லை. களைப்பு மட்டும் கூட வரும். மும்பைக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் பலருக்கு அந்தத் தூரம் ஆசை காட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். வழி நெடுக தண்ணீர், கைதட்டல், மெடல். சென்னையை மட்டும் இலக்காக வைத்தவருக்கு அது அருமையான தூரம். உங்களுக்கு அதன் தேதிதான் தப்பு. "ஈஸியாத்தான் ஓடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய், கடற்காற்றில் சட்டை நனைந்து, 20-க்கு மேல் யாரையோ துரத்திவிட்டு வந்தவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். போகும்போது பொய் சொல்வதில்லை அவர்கள். பிப் மாட்டிய பிறகு மனசு மாறிவிடுகிறது.

அந்த 32-ஐக் கோவைக்கு இரண்டு வாரம் முன்பு, உங்கள் ஊர்ச் சாலையிலேயே முடித்துவிடுங்கள். மும்பைக்கு ஆறு வாரம் இருக்கும். கோவைக்கு அடுத்த ஞாயிறு 26 முதல் 28 வரை, முழுக்க நிதானமாக. சென்னைப் பந்தய நாளில் திருப்பூரில் 18 கிலோமீட்டர். அதில் கடைசி ஆறு மட்டும் 6:03-ல். அவ்வளவுதான். ரயில் டிக்கெட், தங்குமிடம், தோழிகளோடு போட்ட திட்டம் எல்லாம் இருந்தால் போய்வாருங்கள், வழியில் நின்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். மூன்று மாத உழைப்பு அதைவிடப் பெரியது.

உங்கள் அண்ணன் இதைப் படித்தால் ஜப்பானின் யூகி கவாவுச்சியை இழுப்பார் என்று நினைக்கிறேன். நியாயமான கேள்விதான். கவாவுச்சி வருடத்துக்குப் பத்துக்கும் மேல் மாரத்தான் ஓடியவர். 2018 மார்ச்சில் பாண்டா வேஷம் போட்டு ஒரு அரை மாரத்தானை 1:10:03-ல் முடித்தார். ஏப்ரலில் கொட்டும் மழையில் பாஸ்டன் மாரத்தானை வென்றார். ஆனால் அவருடைய சிறந்த அரை மாரத்தான் நேரம் 1:03-க்கும் கீழே. ஆக, அந்தப் பாண்டா ஓட்டம் அவருக்கு முழு வேகமே இல்லை. பல வருடமாகப் பந்தயத்தையே பயிற்சியாக ஓடி ஓடி, எதில் எவ்வளவு கொடுப்பது என்பதை அறிந்து வைத்திருந்தார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அந்த அளவைத்தான். பந்தயங்களின் எண்ணிக்கையை அல்ல.

கோவை முடிந்த அடுத்த வாரம் மூன்றைக் கவனியுங்கள். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு அதிகமாக இருக்கிறதா, தூக்கம் கலைகிறதா, அலுவலக மாடிப்படி இறங்கும்போது தொடை பேசுகிறதா. இதில் ஏதாவது ஒன்று வியாழக்கிழமைக்குப் பிறகும் தொடர்ந்தால் ஞாயிறு லாங் ரன்னை 20-ஆகக் குறைத்துவிடுங்கள். ஒரே இடத்தில் குத்தும் வலி, அழுத்தினால் எலும்பில் தெரியும் வலி இருந்தால் ஓடிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோவையிலிருந்து திரும்பியதும் எனக்கு எழுதுங்கள். மொத்த நேரம் வேண்டாம். 15-லிருந்து 21 வரை ஒவ்வொரு கிலோமீட்டரும் எவ்வளவில் வந்தது, திங்கட்கிழமை படி இறங்கும்போது கால் எப்படி இருந்தது, இந்த இரண்டு மட்டும் போதும். அதை வைத்து மும்பையில் முதல் 10 கிலோமீட்டரை எந்த வேகத்தில் தொடங்குவது என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.